பிரியாத அச்சு

கூடத்தில் ஸ்பூன் சுற்றிக்கொண்டே இருந்தது.

கண்ணாடித் தம்ளரின் உட்சுவரில் அது உரசும் கிணுகிணு சத்தம் பின்னறை வரைக்கும் வந்தது. போட்ட சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். டீயும் ஆறியிருக்கும். ஆனாலும் அந்தக் கை நிற்கவில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாதவர்கள்தாம் இப்படிக் கலக்குவார்கள்.

பின்னறையில், மேஜை விளக்குக்கு அடியில், பல்லக்கா ஒரு வெள்ளைக் கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செங்கல்லில் பாதி அளவு இருக்கும். ரப்பர் போல வளையும் சிலிக்கோன் கட்டி. நடுவில் இரண்டாகப் பிரிய வேண்டியது. இரண்டு கட்டைவிரல்களையும் விளிம்பில் கொடுத்து இழுத்தாள். வளைந்தது. நெளிந்தது. பிரியவில்லை.

"ஆச்சா அண்ணி?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இதோ, அஞ்சு நிமிஷம்."

"நீங்க அஞ்சு நிமிஷம்னு சொல்லி அரை மணி ஆச்சு. அண்ணன் எங்க?"

"பால் வாங்கப் போயிருக்கார்."

"பால் வாங்கவா, பசு வாங்கவா?"

வேறொரு நாளாயிருந்தால் பல்லக்கா சிரித்திருப்பாள். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்க நேர்ந்தால் கடைக்கு ஓடிவிடுவது அவள் கணவரின் இருபத்தாறு வருடப் பழக்கம். இன்று சிரிப்பு வரவில்லை. கட்டியை மறுபடி திருப்பினாள்.

அந்தக் கட்டிக்குள் ஒரு சோப்பு இருந்தது. உலகத்தில் அதுபோல இன்னொன்று கிடையாது.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி மருத்துவர் எடுத்து அனுப்பும் அளவுகளில் சுண்ணமாவு ஊற்றி, யார் யாருடைய ஈறுகளையோ வரிசையாக அடுக்கிவைக்கும் வேலை. தெருவில் எதிரே வருகிறவரின் முகத்துக்கு முன்னால் பல்தான் அவள் கண்ணில் படும். "பல்லக்குல ஏத்துவேன்னு சொல்லிக் கட்டிக்கிட்டேன், பல்லக்காவா ஆயிட்டா" என்று கணவர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்வார். மின்சார மீட்டர் பார்க்கிற மனிதர். வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லி அந்தச் சிரிப்பைத் தேய்த்துவிட்டார்.

ஒருநாள் பல் கூடத்து முதலாளி, அவள் பத்தொன்பது வருடமாகச் செய்துவந்த ஒன்றை அவளுக்கே பாடம் எடுத்தார். அவள் ஏப்ரனை மடித்து அவர் மேஜையில் வைத்தாள். "இனிமே நீங்களே நல்லா செய்யறீங்களே சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மிக்சியின் உடைந்த குமிழை ஒருநாள் அச்செடுத்து, இறுகினால் பிளாஸ்டிக் போலாகும் ரெசின் ஊற்றி, புதிதாக ஒன்று செய்தாள். அடுத்த வீட்டுக்காரி தன் அலமாரிக் கைப்பிடியைக் கொண்டுவந்தாள். அவள் தங்கை மெழுகுவத்தி செய்கிறவள். அவள் சிநேகிதி குளியல் சோப்பு செய்கிறவள். அவர்களுக்கும் அச்சு வேண்டியிருந்தது. மகள் வேலைக்காக வெளியூர் போனதும் காலியான பின்னறையில் தராசு வந்தது, பிளாஸ்டிக் கோப்பைகள் வந்தன, சாயம் வந்தது. ஒரு அச்சில் நூறு தடவை ஊற்றலாம். கழுவி வைத்தால் அடுத்த வருடமும் ஊற்றலாம். அலமாரி நிறைய வெள்ளை வெள்ளையாக அச்சுகள், வெளியே ஒன்றும் சொல்லாமல், உள்ளே ஒவ்வொரு உருவத்தை வைத்துக்கொண்டு.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இன்று ஒரு அச்சு பிரியவில்லை.

கூடத்தில் உட்கார்ந்திருப்பவள் அவளுடைய நாத்தனார். வயது நாற்பத்து நாலு, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. கல்யாணமாகி வந்த புதிதில் பல்லக்காவுக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். மாமியார் முறைத்தால், "எங்க அண்ணிய நான்தான் திட்டுவேன், நீ திட்டாதே" என்று தாயையே அடக்கியவள். அந்தக் குட்டி எட்டு மாதமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மிதிக்காததற்குக் காரணம் இருந்தது. குட்டியின் கணவர், பேருந்து ஓட்டுநர், இருபத்து மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார். பல்லக்கா ஒருநாள்கூட அவர் கட்டில் அருகே போகவில்லை. ஒருநாள்கூட. இருபத்து நாலாம் நாள் அவர் போய்விட்டார்.

ஏன் போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. பல்லக்காவுக்கு மட்டும் தெரியும். தெரிந்ததை முழுங்க முடியாமலும் துப்ப முடியாமலும் எட்டு மாதமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் அவர் அவளுக்குப் போன் செய்திருந்தார். "தங்கச்சி, உனக்குத்தான் இந்த வித்தை தெரியும். என் கைய ஒரு அச்சு எடுத்து வெச்சுடு. குட்டிகிட்ட சொல்லாத. நான் இல்லாதப்போ அவகிட்ட குடு. ராத்திரி தூங்கும்போது கையப் பிடிச்சுக்கிட்டே தூங்குவா, பாவம், பழகிட்டா." சரி அண்ணா என்று சொன்னாள். கை அச்செடுக்கும் மாவும் வாங்கினாள். மாவைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை மருத்துவமனைக்குப் போனாள். மூன்று தடவையும் கீழ்த்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து, படிக்கட்டைப் பார்த்து, அழுது, திரும்பிவிட்டாள். அந்த மாவைக் கரைத்துவிட்டால் அவர் சாகப்போகிறார் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் காத்துக் காத்துப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு பச்சைக் குளியல் சோப்பை எடுத்து, ஸ்பூன் பிடியாலும் ஊக்காலும் தானே ஏதோ செதுக்கத் தொடங்கியிருக்கிறார். நாலு குட்டைக் கால், நீண்ட கழுத்து, மேலே தூக்கிய வால். குதிரை என்பாள் குட்டி. நாய் என்பார் அவள் அண்ணன். "கழுத்து நீளமா இருக்கே?" என்றால், "எட்டிப் பாக்கற நாய்" என்பார். செதுக்கியவரிடம் கேட்டபோது, "உனக்கு எது வேணுமோ அது" என்று சொன்னாராம்.

சோப்பு எட்டு மாதத்தில் காய்ந்து சுருங்கியது. விரிசல் விட ஆரம்பித்தது. ஒரு வெள்ளைக் கோடு கழுத்தில் தொடங்கி நாளுக்கு ஒரு நூல் அளவு கீழே இறங்கியது. அந்தக் கோடுதான் குட்டியை நேற்று மாலை இந்த வாசலுக்குக் கொண்டுவந்தது. வீம்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். கைக்குட்டையைப் பிரித்துக் கூடத்து மேஜையில் வைத்தாள்.

"இதை உடையாம அச்செடுத்து, உடையாத எதுலயாவது ஊத்திக் குடுங்க. என்ன ஆகுமோ சொல்லுங்க, குடுத்துடறேன்."

"எங்கிட்டயா குட்டி கூலி பேசற?"

"வேற யாருகிட்ட பேசறது? நமக்குள்ள வேற என்ன இருக்கு?"

அந்தச் சொல் தைத்த இடத்தை இரவெல்லாம் தடவிக்கொண்டிருந்தாள் பல்லக்கா.

வேலை கஷ்டமானதல்ல. பெட்டியில் களிமண் நிரப்பி, உருவத்தைப் பக்கவாட்டில் பாதி புதையப் படுக்கவைத்து, மேலே சிலிக்கோன் ஊற்றவேண்டும். இறுகியதும் கவிழ்த்து, களிமண்ணை எடுத்துவிட்டு, மறுபாதிக்கு ஊற்றவேண்டும். நடுவில் ஒன்றே ஒன்று. முதல் பாதியின் முகத்தில் வேஸ்லின் தடவவேண்டும். சிலிக்கோனில் வேறொன்றும் ஒட்டாது. ஆனால் சிலிக்கோனோடு சிலிக்கோன் ஒட்டினால் பிறவியிலேயே ஒன்றாயிருந்ததுபோல ஆகிவிடும்.

இன்று காலை வேஸ்லின் டப்பாவைத் திறந்த சமயத்தில் போன் வந்தது. குட்டி. "அண்ணி, வாலு மெல்லிசு, பாத்து." அவ்வளவுதான் பேச்சு. எட்டு மாதத்துக்கு அப்புறம் அவளே போன் செய்திருக்கிறாள், அதுவும் அண்ணி என்று. பல்லக்காவின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பியபோது முதல் பாதியின் முகம் மினுமினுவென்றிருந்தது. புதிதாக இறுகிய சிலிக்கோன் அப்படித்தான், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். தடவிவிட்டோம் என்று நினைத்தாள். ஊற்றிவிட்டாள்.

இப்போது அந்த டப்பா மூடி திறந்தபடி ஜன்னலில் இருந்தது. மேலே ஒரு விரல்கூடப் படாமல், கடையில் வாங்கியபடி வழவழவென்று.

ஸ்பூன் சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது.

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. இன்னும் இறுகவில்லை, நாளைக்கு வா என்று சொல்லலாம். அனுப்பிவிட்டு அறுத்துப் பார்க்கலாம். உடைந்தால் உடைந்த துண்டுகளை ஒட்டி, ஒன்றும் தெரியாததுபோல் நீட்டலாம். கைவேலைக்காரிக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் இந்தத் தடவையும் படிக்கட்டின் கீழேயே உட்கார்ந்துவிட அவளுக்கு உடம்பில் தெம்பில்லை.

"குட்டி," என்றாள். "இங்க வா."

குட்டி வாசற்படியில் நின்றாள். அது வேலை அறையான பிறகு அவள் உள்ளே வந்ததே இல்லை.

"தப்பு பண்ணிட்டேன். நடுவுல தடவ வேண்டியதைத் தடவல. ரெண்டு பக்கமும் ஒட்டிப்போச்சு. சோப்பு உள்ளதான் இருக்கு. கத்தியால அறுத்துத்தான் எடுக்கணும்."

குட்டி கட்டியையே பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது.

"அறுத்தா?"

"ஓரத்துல ஒரு கோடு தெரியுது பாரு, அதோட போகணும். உள்ள போகப் போகத்தான் பயம். சோப்பு எங்க தொடங்குதுன்னு வெளியில தெரியாது. கத்தி பட்டா போச்சு."

"எத்தனை வருஷமா இந்த வேலை பண்றீங்க?"

"ரொம்ப வருஷமா."

"இத்தனை வருஷத்துல யாருக்கும் இப்படி ஆகல, இல்ல?"

"ஆகல."

"எனக்குன்னு வந்தாதான் உங்களுக்கு எல்லாம் மறந்துபோகும்," என்றாள் குட்டி, மெதுவாக.

பல்லக்கா பேப்பர் வெட்டும் கத்தியில் புது பிளேடு மாட்டினாள்.

குட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஸ்டூலை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள்.

"தலை எந்தப் பக்கம்?"

"ஊத்தறதுக்கு விட்ட குழி இருக்கு பாரு, அந்தப் பக்கம்."

"அப்போ வால் இங்க." கட்டியின் வெளிப்புறத்தில் குட்டியின் சுண்டுவிரல் ஒரு வளைவு வரைந்தது. "இப்படி மேல போயி, நுனியில வெளிப்பக்கம் திரும்பும். தினம் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். கண்ண மூடிக்கிட்டாலும் சொல்லுவேன். பின்னங்கால் ரெண்டும் சேந்தாப்பல இருக்கும். முன்னங்கால்ல ஒண்ணு குட்டை."

"அளவு?"

"வாலு என் சுண்டுவிரல்ல ரெண்டு கணு. கழுத்து நடுவிரல் அளவு. வெட்டுங்க. நான் சொல்றேன்."

அறுத்தார்கள். நூல் நூலாக. பல்லக்கா கத்தியை ஓட்ட, குட்டி இரண்டு கைகளாலும் வெட்டின் வாயைப் பிளந்து பிடித்தாள். "இன்னும் கொஞ்சம். இல்ல, போதும், அங்க காது." "காது இருக்கா அதுக்கு?" "இருக்கு, ஒண்ணுதான். இன்னொண்ண செதுக்கறதுக்குள்ள ஊசி போட வந்துட்டாங்க." குட்டியின் நெற்றியும் பல்லக்காவின் நெற்றியும் விளக்கடியில் முட்டிக்கொண்டன. இரண்டு பேரும் விலகவில்லை. வியர்வை சொட்டியது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவே இல்லை. ஒவ்வொரு உதைக்கும் பல்லக்காவின் கத்தி நின்று நின்று போனது.

பச்சை நிறம் தெரிந்தது. பிறகு முதுகு. பிறகு கட்டி பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தத்தோடு இரண்டாகப் பிரிந்தது.

உருவம் வெளியே வந்தது. தலை முழுசு. கால்கள் முழுசு. வால் மட்டும் வரவில்லை. அது சிலிக்கோனின் சந்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

பல்லக்கா கத்தியைக் கீழே வைத்தாள். குட்டி தன் முந்தானை ஊக்கைக் கழற்றி, வாலை மெல்ல நெம்பி, உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள்.

"அச்சுல வால் இருக்குமா?"

"முழுசா இருக்கும். ஊத்தினா வாலோட வரும்."

"சரி." நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. அச்சின் உட்புறத்தை விளக்கில் காட்டிப் பார்த்தாள். விலாப் பக்கத்துப் பள்ளத்தில் அவள் பார்வை நின்றது. "அண்ணி. இது என்ன?"

வெள்ளைச் சுவரில் மெல்லிய கோடுகள். வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று. கட்டைவிரல் ரேகை. சோப்பில் கண்ணுக்கே தெரியாதிருந்தது. அச்சு அதை மயிரிழைகூட விடாமல் வாங்கி வைத்திருந்தது.

"அவர் விரல்," என்றாள் குட்டி. சத்தமே வரவில்லை. "அவர் பிடிச்ச இடம். அண்ணி, அவர் கை."

அவள் அழுத அழுகையை எழுத என்னால் ஆகாது. பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி, மேஜையிலிருந்த தராசு முள் அங்குமிங்கும் ஆடியது. அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துக்கொண்டாள், கையைப் பிடித்துக்கொள்கிறவள்போல.

பல்லக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நேற்று மாலை நடந்தது கண் முன்னால் நின்றது. கையுறை போட்டால் பிடி தெரியாது என்று கழற்றிவிட்டு, சோப்பின் விலாவில் கட்டைவிரலை வைத்துத்தான் களிமண்ணில் அழுத்தினாள். வியர்த்த விரல். சோப்பு இளகியிருக்கும்.

சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பெண் சாகும்வரை தொட்டுக்கொள்ள ஒரு விரல் கிடைத்துவிட்டது. இதைவிடப் புண்ணியம் என்ன இருக்கிறது? மனசு இப்படிச் சொன்னது. ஆனால் குட்டி அந்த ரேகையின்மேல் குனிந்து உதடு வைக்கப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பல்லக்காவால் முடியவில்லை.

"குட்டி, அது என் விரலா இருக்கலாம்."

குட்டி நிமிர்ந்தாள்.

"நேத்து வெறுங்கையால அழுத்தினேன். அதே இடம்." மேஜையில் கிடந்த களிமண்ணை உருட்டி, தட்டையாக்கி, தன் வலது கட்டைவிரலை அதில் அழுத்தினாள். பக்கத்தில் வைத்தாள். "நீயே பாரு."

பார்த்தார்கள். இரண்டிலும் நடுவில் நத்தைச் சுருள். இரண்டிலும் சுருளுக்குக் கீழே குறுக்காக ஒரு சின்ன வெட்டு. கத்திப் பிழைப்புக்காரியின் விரல். சந்தேகமே இல்லை.

குட்டி அந்தப் பள்ளத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள் குட்டி. "ரெண்டு நிமிஷம் எங்கிட்ட இருந்தார். ஏன் சொன்னீங்க?"

அதற்கப்புறம் அடைத்து வைக்க முடியவில்லை. பல்லக்கா எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்ததை, கையை அச்செடுக்கக் கேட்டதை, மாவு வாங்கியதை, கீழ்த்தளத்து நாற்காலியை, மூன்று நாளை. "நான் வந்திருந்தா அவர் கையே உங்கிட்ட இருந்திருக்கும். நான்தான் குட்டி கெடுத்தேன். படியேற பயந்து கெடுத்தேன்."

குட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கண்ணீர் நின்றுவிட்டிருந்தது. நின்ற கண்ணீர் இன்னும் பயமாயிருந்தது.

"கைய கேட்டாரா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"எதுக்குன்னு சொன்னாரா?"

"நீ பிடிச்சுக்கிட்டே தூங்குவேன்னு."

குட்டியின் உதடு கோணியது. முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். "மேல இருந்து நானும்தான் படிக்கட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க அண்ணி இப்ப வரும், இப்ப வரும்னு."

பல்லக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குட்டி எழுந்து, வாலை ஒரு காகிதத்திலும் உருவத்தைக் கைக்குட்டையிலும் சுற்றிப் பையில் வைத்தாள். அச்சின் இரண்டு பாதிகளையும் கையிலெடுத்தாள். அந்த விலாப் பக்கத்தைத் தடவினாள்.

"இதை அழிச்சுட்டு ஊத்த முடியுமா?"

"முடியும். அந்த இடத்துல மெல்லிசா பூசி வழவழன்னு ஆக்கிடலாம். ஆனா அதச் சுத்தி அவர் ஊக்கால கீறின கோடுங்க இருக்கு. அதுவும் சேந்து போயிடும்."

குட்டி யோசித்தாள். கூடத்தில் மின்விசிறி கடகடத்தது.

"வேணாம்," என்றாள். "இருக்கட்டும். நீங்களும் அதுல இருந்துட்டுப் போங்க."

அச்சை மேஜையில் வைத்தாள். பல்லக்கா எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனாள். குட்டி கையைக் கொடுக்கவில்லை. பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்காக நான் மறந்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க அண்ணி. மறக்க மாட்டேன். இன்னிக்குக் கோபம் அதிகமாத்தான் இருக்கு. எப்போ ஊத்தறீங்க?"

"நாளைக்கு. சாயங்காலத்துக்குள்ள இறுகிடும்."

"என்ன நிறம்?"

"நீ சொல்றதுதான்."

"அதே பச்சை." செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை பல்லக்கா பின்னாலேயே போனாள், வா என்று சொல்ல உரிமையில்லாதவள்போல. குட்டி வெளியே இறங்கி, திரும்பாமலே சொன்னாள்.

"நான் வந்ததுக்கு அப்புறமே ஊத்துங்க. நீங்க தனியா ஒண்ணும் பண்ண வேணாம். பக்கத்துல இருந்து பாக்கணும் நான்."

கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.